கதவோர நாற்காலி

வந்திருந்தவர்கள்: இஸ்திரிக்கடை அக்கா, வெல்டர், லாரி டிரைவர், கேன்டீன் சமையல்காரர், பெயிண்டர், நர்ஸம்மா, நான். அமர்ந்த இடம்: ஏழு பேரும் கதவோரம்.

நூலகத்தின் பின்னறை அது. பழைய செய்தித்தாள் கட்டுகள் ஒரு சுவரை அடைத்துக்கொண்டிருக்கும். மற்றபடி தாராளமான அறைதான். அத்தனை இடம் காலியாகக் கிடக்க, வாசற்படியை ஒட்டி நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஏன் என்பதை முறையாகச் சொல்கிறேன்.

நாங்கள் எல்லோரும் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்கள். எங்களை உள்ளே தள்ளியது குடி, அல்லது ஊசி, அல்லது மாத்திரை. அதைத் தொடாமல் இருப்பதற்காக வாரம் ஒருமுறை இங்கே கூடுகிறோம். வகுப்பெடுக்க யாரும் வருவதில்லை. நாங்களே பேசி, நாங்களே கேட்டுக்கொள்வது. குழுவுக்கு வேண்டிய கடிதங்களை எழுதுவது என் பொறுப்பு. உள்ளே இருந்தபோது மற்றவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். ரைட்டர் என்ற பெயர் அங்கே ஒட்டியது, இன்னும் உதிரவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, கதவோரம் ஒரு நாற்காலி கிடக்கும். அந்த வாரம் சறுக்கியவர் அதில் உட்காரலாம். ஒருவரும் கேள்வி கேட்கமாட்டோம். சறுக்கியவருக்கு எந்த நிமிடமும் எழுந்து ஓடத் தோன்றும். ஓட வழியிருந்தால்தான் உட்காருவார். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் அவரோடு வீடு வரைக்கும் நடப்பார்கள்.

போன வாரம் அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். யார் என்று இங்கேயும் எழுதமாட்டேன். ஆணா பெண்ணா என்றும் சொல்லமாட்டேன். நானாகவும் இருக்கலாம். நிபந்தனையின் பேரில் வெளியே விடப்பட்டவர் அவர். போதையைத் தொட்டது தெரிந்தால் மிச்சத் தண்டனைக்கு மறுபடியும் உள்ளே போக வேண்டியதுதான். "தொட்டுட்டேன்" என்று அவர் வாயைத் திறந்து சொல்லி முடித்த நேரத்தில், எங்களைக் கண்காணிக்கும் நன்னடத்தை அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்தார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே, அவர் முகம் தெரியுமுன், ஏழு பேரும் விருட்டென்று எழுந்து, சுவரோரமாக வரிசை கட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றோம். யாரும் சொல்லவில்லை. உடம்பு தானாகச் செய்தது. அதிகாரிக்கே கூச்சமாகிவிட்டது.

"அட, உக்காருங்கப்பா. நான் என்ன எண்ணிக்கை எடுக்கவா வந்தேன்?"

யாரும் உட்காரவில்லை. அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"அது ஏன் ஒரு நாற்காலி மட்டும் தனியாக் கிடக்கு?"

சமையல்காரர் முந்திக்கொண்டார். நல்ல மனுஷன், எங்கள் குழுவைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும், நெஞ்சு நிமிர்ந்துவிடும். "அதுவா சார், யாராவது சறுக்கிட்டா அதுலதான் உக்காருவாங்க. ஒரு வார்த்தை திட்ட மாட்டோம் சார். கூடவே போயி வீட்டுல விட்டுட்டு வருவோம்."

"அப்படியா? அப்போ நான் வர்றப்ப அதுல யாரு உக்காந்திருந்தாங்க?"

அதிகாரியின் பார்வை வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பியது. அந்தப் பார்வை எங்களுக்குப் புதிதா என்ன? ஏழு முகமும் சுவரோடு சுவராகிவிட்டன.

"சரி, எழுத்துல குடுங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள தபால்ல சேர்த்துடணும். இல்லன்னா இந்த ரூமைப் பூட்டச் சொல்லி நூலகத்துக்கு எழுதிடுவேன்."

அவருடைய பைக் சத்தம் தேய்ந்ததும் பெயிண்டர் பாய்ந்தார். "யோவ், நாக்கு உனக்கு உப்புப் பாக்க மட்டுந்தான்யா! அத வச்சுக்கிட்டு எதுக்கு ஊர்வலம் போறே?"

"பெருமையாத்தானேப்பா சொன்னேன்..." என்றார் சமையல்காரர்.

கதவோரத்தில் இருந்தவர் மெல்லச் சொன்னார். "சண்டை வேணாம். நானே போயி சொல்லிடறேன். ஒரு ஆளுக்காக இத்தனை பேர் தெருவுல நிக்கணுமா?"

இஸ்திரிக்கடை அக்கா தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டார். அவர் அப்படிச் செய்தால் அடுத்துச் சூடு விழும் என்று அர்த்தம்.

"வாய மூடிக்கிட்டு உக்காரு. சறுக்கினத மறைக்காம வந்து சொன்னே பாரு, அதுக்குத்தான் இந்த ரூமே. சொன்ன ஆளப் பிடிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் வாரா வாரம் இங்க வந்து என்ன பேசறது? மழை வருமா வராதான்னா?"

டிரைவர் காலைத் தரையில் தேய்த்தார். "அக்கா, எனக்கு நிபந்தனைக் காலம் முடியப்போகுது. சொல்லலன்னா எல்லாரையும் சேத்து உள்ள தூக்கிப் போட்டுட்டாங்கன்னா?"

"போடட்டும். ஏழு பேரும் ஒண்ணா இருந்தா உள்ளேயே கூட்டம் போடலாம். நாற்காலிதான் கிடைக்காது."

யாரோ சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை, தபால் அலுவலகம் மூடுவதற்குள் வேலை முடிய வேண்டும் என்று மதியமே கூடினோம். எங்களுக்கு முன்பே வந்திருந்த சமையல்காரர், எல்லா நாற்காலிகளையும் கதவோரம் இழுத்துப் போட்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். "எந்த நாற்காலின்னு இப்ப வந்து கேக்கச் சொல்லுங்க."

எழுதியதைப் படித்துக் காட்டினேன். 'பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று தொடங்கியதுமே பெயிண்டர் கையைத் தூக்கினார்.

"பணிவ எடுத்துடு ரைட்டரே."

நான் தயங்கினேன். உள்ளே எழுதிய எந்த மனுவிலும் அந்தச் சொல் இல்லாமல் இருந்ததில்லை. அப்புறம் வேறு தாளை எடுத்துப் புதிதாக எழுதினேன்.

'நன்னடத்தை அதிகாரி அவர்களுக்கு. கதவோர நாற்காலியில் இருந்தவர் யார் என்று கேட்டிருந்தீர்கள். அதில் உட்காராதவர் எங்களில் ஒருவரும் இல்லை. இனி உட்காரவே மாட்டோம் என்று சத்தியம் செய்யக்கூடியவரும் இல்லை. இந்த அறையில் சொல்லப்பட்டது இந்த அறையோடு இருக்கும். நீங்கள் கேட்டாலும் சொல்லமாட்டோம். அறையைப் பூட்டினால் இஸ்திரிக்கடை வாசலில் கூடுவோம். அதையும் மூடினால் தெருவில் கூடுவோம். அடுத்த முறை நீங்கள் வரும்போது நாங்கள் எழுந்து நிற்கமாட்டோம். உங்களுக்கும் ஒரு நாற்காலி போடுகிறோம்.'

முதல் கையெழுத்து சமையல்காரருடையது. பேனாவை அழுத்திய அழுத்தில் தாள் கிழியப் பார்த்தது. வெல்டரும் நர்ஸம்மாவும் அடுத்தடுத்துப் போட்டார்கள். பிறகு பெயிண்டர், அக்கா, நான். டிரைவர் தாளைக் கையில் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரை உதட்டை அசைத்துப் படித்தார். ஜன்னலைப் பார்த்தார். அவசரப்படுத்த நாங்கள் யார்? கதவு பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

"நான் சறுக்கினப்ப எவன்யா வீடு வரைக்கும் கூட வந்தான்?" என்றார் திடீரென்று. "நீங்கதானே வந்தீங்க." தொடைமேல் தாளை வைத்து, கோணல்மாணலாகப் போட்டார்.

உறைக்குப் பசை தடவியவர் போன வாரம் கதவோரத்தில் இருந்தவர். விளிம்பு விளிம்பாக, பிசிறில்லாமல் ஒட்டினார். ஒட்டியபின் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிட்டு, எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

தபால் அலுவலகத்தில் ஏழு பேரும் ஒரே ஜன்னல் முன்னால் நின்றோம். உள்ளிருந்த பெண் உறையைத் திருப்பிப் பார்த்தாள். அனுப்புநர் இடத்தில் ஏழு பெயர்களும் இருந்தன.

"பதிவுத் தபாலுக்கு அனுப்புநர்னு ஒரு பேரு இருந்தாப் போதுமே. எதுக்கு இத்தனை?"

"போதாது" என்றார் அக்கா.

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள்.