அப்பா மேல் அடித்த வாடை

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தத் தையற்காரிக்கு விடிந்ததிலிருந்தே அலுப்பாக இருக்கும். ஒரு மாதம் விட்டு ஒரு மாதம், தம்பி அப்பாவைக் கொண்டுவந்து விடுகிற நாள் அது. ஒரு மாதம் அவன் வீடு, ஒரு மாதம் இவள் வீடு. அம்மா போன பிறகு அக்காவும் தம்பியும் பேசி முடித்த ஏற்பாடு. எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். கேட்டால் சரிபாதி, வம்பில்லை என்பார்கள். பெற்றவரைப் பங்கு போட்டுக்கொள்வது என்ன நியாயமோ, அதை உட்கார்ந்து யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அவளுக்கும் இல்லை. முன்னறைதான் அவளுடைய கடை. இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, வெட்டப்படாமல் குவிந்து கிடக்கும் துணி. கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான்.

வண்டி வந்து நின்றது. அப்பா மெல்ல இறங்கினார். ஒரு காலத்தில் பெரிய துணிக்கடையில் விற்பனையாளராக இருந்தவர். மடிப்புக் கலையாத சட்டை, காதோரம் ஒரு சொட்டு சென்ட்டு, பளபளக்கும் ஷூ. கடையில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'தினம் மாப்பிள்ளை'. அந்த மாப்பிள்ளையின் காலரில் இப்போது கறுப்பாக அழுக்கு படிந்திருந்தது. பக்கத்தில் வந்ததும் வியர்வையும் மூத்திரமும் கலந்த வாடை அவள் முகத்தில் அடித்தது. பையைத் திறந்தாள். ஈரத் துண்டை அப்படியே மடித்து உள்ளே வைத்திருந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு பையை வாசலிலேயே வைத்தாள்.

"ஏன்டா, உன் பொண்டாட்டி ஒரு மாசமா இதையெல்லாம் தண்ணில காட்டவே இல்லையா?"

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ராத்திரியெல்லாம் எங்கேயோ நின்றுபோன லிஃப்டோடு போராடிவிட்டு வந்திருந்தான். நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

"வந்ததும் வராததுமா ஆரம்பிக்காதக்கா. அவ துவைச்சுத்தான் வெக்கிறா. இவரு அழுக்குத் துணியத் தேடி எடுத்து மறுபடி மாட்டிக்கிறாரு. குளிங்கப்பான்னா, குளிச்சாச்சுன்னு எரிஞ்சு விழறாரு."

"என் வீட்ல நல்லாத்தானே இருந்தாரு?"

"கிழிச்சாரு! போன தடவ நீ அனுப்பினப்ப டிரைவர் நாலு கண்ணாடியையும் இறக்கி விட்டுட்டுத்தான் ஓட்டினான். அண்ணி மனசு கஷ்டப்படும், ஒண்ணும் கேக்காதீங்கன்னு என் வாய அடைச்சவளே என் பொண்டாட்டிதான்."

அவள் வீட்டிலும் அப்பா அப்படித்தான் இருந்தார். தம்பி வீட்டில் கவனிப்பார் இல்லாமல் பழகிய பழக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தம்பி வீட்டில், அக்கா கடையே கதியென்று கிடக்கிறாள், அப்பாவை யார் பார்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். திரிந்த பாலை அப்பா முகம் மாறாமல் குடித்ததை இவள் பார்த்திருக்கிறாள். பழகிய தெருமுனையில் வழி தெரியாமல் நின்றதை அவன் பார்த்திருக்கிறான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் நீ சரியாகப் பார்க்கவில்லை என்ற பேச்சு வருமே! வயசாகிவிட்டது, வீம்பு பிடிக்கிறார் என்று ஆளுக்கொரு பெயர் வைத்து மூடிவிட்டார்கள்.

"எனக்குப் பொழப்பே போகுதுடா. ஒரு டீச்சரம்மா, நான் தைச்ச துணிய மோந்து பாத்துட்டு, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவங்கதான். அப்புறம் இந்தப் பக்கமே வரல. இவர எங்க உக்கார வெப்பேன், சொல்லு?"

"அதுக்குத்தான் சொல்றேன். கோவப்படாம கேளு. ஒரு முதியோர் ஹோம் பாத்து வெச்சிருக்கேன். நம்ம பேச்சத்தான் மதிக்க மாட்டேங்கறாரு, அங்க அதட்டினா கேப்பாரு. வேணும்னே பண்றவர வெச்சுக்கிட்டு நாம எத்தன நாள் மாரடிக்கிறது?"

அவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு களைப்பு. மனசுக்குள் என்னவோ அறுத்தது, ஆனால் இடுப்பு வலி அதைவிட அதிகமாக இருந்தது.

"என்னவோ பண்ணு. நாளைக்கே பேசிடு" என்றாள்.

இஸ்திரி மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் காது நன்றாகவே கேட்கும். இருவருக்கும் அது தோன்றவில்லை. அவர் எழுந்து உள்ளே போனதையும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கக் காட்டமான நெடி பரவியது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, சட்டையின் பட்டன்களை மேலும் கீழுமாக மாட்டிக்கொண்டு அப்பா நின்றிருந்தார். கழுத்தும் நெஞ்சும் நனைந்திருந்தன. கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனாலும் சிரித்தார்.

"இப்ப சரியாம்மா? கொஞ்சம் தாராளமாவே பூசிக்கிட்டேன். உன் கஸ்டமர் யாரும் இனிமே மூஞ்சியத் திருப்ப மாட்டாங்க. என்னை எங்கேயும் அனுப்ப வேணாம்."

"ஐயோ அப்பா! என்னத்தப் பூசிக்கிட்டீங்க?"

குளியலறைக்கு ஓடினாள். தரை கழுவும் ஃபினாயில் பாட்டில் மூடி திறந்து கிடந்தது. பாதி காலி. அதற்குப் பக்கத்திலேயே கணவரின் சென்ட்டு பாட்டில் தொடப்படாமல் இருந்தது.

தம்பி அப்பாவைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினான். கழுத்து செக்கச்செவேலென்று சிவந்திருந்தது.

"எரியலையாப்பா?"

"எரியுது. நல்ல சென்ட்டுன்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும்."

"இந்த நாத்தம் தெரியலையா உங்களுக்கு?"

"நாத்தமா? எனக்கு ஒண்ணும் தெரியலையேப்பா. நீங்க ரெண்டு பேரும் மூக்கச் சுளிக்கறீங்க இல்ல, அத வெச்சுத்தான் நம்ம மேல ஏதோ அடிக்குது போலன்னு நெனச்சுக்குவேன்."

அக்கா சமையலறைக்குப் போய்க் காப்பிப் பொடி டப்பாவை எடுத்துவந்தாள். கண்ணை மூடச் சொல்லி மூக்கருகே நீட்டினாள். அப்பா ஆழமாக இழுத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, வெறும் டப்பாவா?"

தம்பி செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் முதுகைத் துடைத்தான். வளர்ந்த பிறகு அப்பாவை அவன் தொட்டுக் குளிப்பாட்டியது அன்றுதான். அந்த முதுகு எப்போது இவ்வளவு ஒட்டிப்போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. தேம்பித் தேம்பி அழுதான். அப்பாதான் அவனைத் தேற்றினார்.

மறுநாள் மருத்துவமனையில் டாக்டரம்மா முதலில் கேட்டது இதுதான்.

"எப்ப இருந்து இப்படி இருக்காரு?"

"என் வீட்ல இருந்தப்ப கொஞ்சம் மறதி இருந்துச்சு. அதுக்கு முந்தின மாசம் தம்பிக்குத்தான் தெரியும்."

"அதுக்கு முன்னாடி அக்கா வீட்ல என்னன்னு எனக்குத் தெரியாதுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பல பேரிடம் இதே பதிலைக் கேட்ட சலிப்பு அவர் முகத்தில் இருந்தது. பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு, மறதி நோய்தான் என்று உறுதியாகச் சொன்னார்.

"வாசனை தெரியாதவங்க எல்லாருக்கும் இந்த நோய்னு அர்த்தம் இல்ல. சளி, வயசுன்னு காரணம் எத்தனையோ இருக்கு. ஆனா இந்த நோய் வர்றவங்கள்ல நிறைய பேருக்கு, மறதி வெளிய தெரியறதுக்கு முன்னாடியே வாசனை மங்கிடும். மங்கினது அவங்களுக்கே தெரியாது. கெட்டுப்போன பாலு, கருகுற துணி, தன்னோட உடம்பு வாடை எதுவும் எட்டாது. குளிச்சோமாங்கறதும் மறந்துடும். அவர் வேணும்னு எதுவும் பண்ணலைங்க."

"மருந்து குடுத்தா வாசனை திரும்ப வருமா?"

"வரும்னு பொய் சொல்ல மாட்டேன். அவரோட மூக்கா இனிமே நீங்கதான் இருக்கணும். மாசா மாசம் வீடு மாத்தி அவரக் குழப்பாதீங்க."

வெளியே பெஞ்சில் அப்பாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு இருவரும் மருந்துக்குக் காத்திருந்தார்கள். தம்பி ஹோமுக்கு போன் போட்டு வேண்டாம் என்று சொன்னான். பிறகு அதே போனில் அவன் மனைவியோடு அக்கா பேசினாள்.

"உன்னைத்தாம்மா இத்தன நாளா மனசுக்குள்ள வைஞ்சுக்கிட்டு இருந்தேன்."

"நானும் உங்களத்தான் அண்ணி" என்றாள் அவள். இரண்டு பக்கமும் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அப்பா அக்கா வீட்டிலேயே இருப்பது, தம்பி தினமும் வேலைக்குப் போகுமுன் வந்து குளிப்பாட்டுவது, அவன் மனைவி மத்தியானத்தில் வந்து துணைக்கு இருப்பது என்று பேசி முடித்தார்கள். எத்தனை வருஷத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பயமாக இருக்கும்.

"சாப்பாடு போட்டோம், துவைச்சுப் போட்டோம். நாம என்னக்கா குறை வெச்சோம்?" என்றான் தம்பி.

"வாடை அடிச்சதும் இது யார் வீட்டுத் தப்புன்னு சண்ட போட்டோம் பாரு, அதான்டா குறை. சுத்தமா இருந்த மனுஷன் இப்படி ஆயிட்டாரே, உடம்புக்கு என்னவோன்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணல. வயசானவங்க திடீர்னு மாறினா வீம்புன்னு திட்டக் கூடாது, மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டு வரணும். அவருக்கு வாசனைதான்டா தெரியாமப் போச்சு. கண்ணு முன்னாடி உக்காந்திருந்த மனுஷனையே நமக்குத் தெரியாமப் போச்சே!"