மடித்து அனுப்பிய வீடு

1974 டிசம்பர் 16, திங்கட்கிழமை பிற்பகல், கொலம்பியாவின் மலையூரான சலமீனாவில் எதெல்மீராவின் இரண்டு மாடி வீடு, ஒரு கோப்பைகூட உடையாமல், மடித்த வேட்டி போலத் தரையில் படுத்தது. உள்ளே அவள் கணவர் ஒக்தாவியோ மதியத் தூக்கத்தில் இருந்தார். காரணத்தைத் தேடி யாரும் அலையவில்லை. அன்று காலை எதெல்மீரா கெட்டி அட்டையை இரண்டாக மடித்து, மடிப்பில் கத்தரிக்கோலால் வெட்டி, திறந்தால் தன் வீடே எழுந்து நிற்கும்படி கிறிஸ்துமஸ் வாழ்த்து ஒன்று செய்திருந்தாள். பால்கனியை மரவள்ளிப் பசையால் ஒட்டினாள், பூக்களை உருளைக்கிழங்கு அச்சால் பதித்தாள். தபால் நிலையத்தில் அதை மூடி உறையில் போட்டாள். திரும்பி வந்தபோது வாசல் இல்லை. தபால் பையோ மனிசாலெஸ் நகருக்குப் போகும் பேருந்தில் போய்விட்டிருந்தது.

அட்டை போனது அந்த நகரில் இருக்கும் தங்கை ரொசால்பாவுக்கு. எதிர்க்கட்சிக்காரனைக் கட்டினாள் என்று எதெல்மீரா அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அக்காவின் கடிதம் எதையும் ரொசால்பா பிரித்ததில்லை. ஆகவே எதெல்மீராவுக்கு உட்கார முடியவில்லை. வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தாள், நாய்களை விரட்டினாள், மழைக்குத் தார்ப்பாய் விரித்தாள், அதை நீவிச் சரிசெய்தாள், மறுபடி எடுத்தாள். பக்கத்து வீட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் நடக்கும் நவநாள் ஜெபத்துக்குப் போனவள் பாதியில் எழுந்து ஓடி வந்து, ஓடுகளில் காதை வைத்துக் கேட்டாள். மெல்லிய குறட்டை கேட்டது. வியாழக்கிழமை தொலைபேசி நிலையத்துக்குப் போனாள். பின்னால் பாதி ஊர் நின்றது.

“அந்த உறையைப் பிரிடி ரொசால்பா, உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

“ஏன்க்கா, உங்க மூக்கை அறுத்து உள்ள வச்சிருக்கீங்களா?”

“அத்தான் உள்ள இருக்காருடி.”

“கிடக்கட்டும். அங்கயும் தூங்கிட்டுத்தானே இருப்பாரு? என் கல்யாணத்துக்கு ஏன் வரலை, அதை முதல்ல சொல்லுங்க. கட்சிக் கதை வேண்டாம்.”

எதெல்மீரா திரும்பிப் பார்த்தாள். யாரும் நகர்வதாகத் தெரியவில்லை.

“பொறாமைடி. உன் ஆளு விடிய விடிய உன்னோட ஆடுறவரு. என் ஆளு மேளம் அடிச்சாலும் எந்திரிக்க மாட்டாரு. போதுமா?”

தொலைபேசியில் காகிதம் கிழிந்து அட்டை விரியும் சத்தம் கேட்டது. அதே நொடியில் அவள் வீடிருந்த மேட்டுத்தெருவில் ஓடுகள் கலகலத்தன. ஓடிப்போய்ப் பார்த்தபோது வீடு நின்றது. நெற்றியின் குறுக்கே ஒரு மடிப்போடு ஒக்தாவியோ வாசலுக்கு வந்து, காப்பி ஆயிற்றா என்றார்.

ஜனவரி ஆறாம் தேதி காலை ரொசால்பாவே கூப்பிட்டாள். கிறிஸ்துமஸ் காலம் முடியும் அந்த மூன்று ராஜாக்கள் நாளுக்குப் பிறகு வாழ்த்து அட்டையை எடுத்து வைக்காவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது அவள் கட்சி. “சாயங்காலம் மூடப்போறேன். ரெண்டு பேரும் வெளிய வந்துருங்க.”

“வந்து எங்கடி போறது?”

“எங்க போவீங்க, இங்கதான். கோழியையும் பிடிச்சுட்டு வாங்க. ஆனா அத்தான் கூடத்துல படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்.”

அன்று முதல் அந்த வீடு ஆண்டுதோறும் நவநாள் தொடங்கும் நாளிலிருந்து ராஜாக்கள் நாள்வரை நிற்கிறது. மற்ற மாதங்களில் அக்கம்பக்கத்தார் அதன்மேல் காப்பிக்கொட்டை காயவைக்கிறார்கள்.