ஒரே சீட்டில் இரண்டு துண்டு

நான் ஒரு மென்பொருள் பொட்டலம். பெயர் மரகதம். கணினியில் எழுதும் இடத்தில் துடிக்குமே ஒரு சின்னக் கோடு, அதைத் துடிக்க வைப்பது என் வேலை. எங்கள் இயங்குதளம் மதுரையிலிருந்து கிளம்பும் பேருந்து. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு சீட். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பிடிக்க வேண்டும். நான் பிடித்து உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி கிளம்பும் நேரத்தில் தர்மசீலன் ஏறினார். புதுப் பொட்டலம். அதே கோட்டை ஏழு நிறத்தில் துடிக்க வைப்பாராம். என் துண்டின் மேலேயே தன் துண்டைப் போட்டார்.

"ஒரு சீட்டுல ரெண்டு துண்டு கிடந்தா வண்டிய எடுக்க முடியாது," என்றார் கண்டக்டர் அந்தோணிசாமி. "நீ எறங்கும்மா."

"நான்தானே முதல்ல போட்டேன்?"

"அவரு புதுசும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமாகவும் இருந்தது. இறங்குகிற பொட்டலத்தைக் கூட்டி அள்ளுவதற்கென்றே கீழே ஒருவர் துடைப்பத்தோடு நிற்கிறார். அள்ளிவிட்டால் அவ்வளவுதான், நான் கிடையாது.

"எறங்குறேன். என் பின்னாடி வர்றவங்கள மறிக்கக் கூடாது," என்றேன்.

படியில் கால் வைத்ததும் பின்சீட்டு ஆவுடையப்பன் எழுந்தார். கோட்டை ஒட்டி எழுத்துகளை வைப்பவர். "கோடு இல்லாம நான் எங்கிட்டு வைக்கிறது?" என்று அவரும் இறங்கினார். எழுத்து இல்லாததால் அச்சடிக்கும் பாக்கியத்தாய் இறங்கினாள். அச்சு இல்லாமல் டிக்கெட் ஏது? கண்டக்டரும் இறங்கினார், அவருக்கே ஆச்சரியம். டிக்கெட் இல்லாத வண்டியை ஓட்ட முடியாது என்று டிரைவர் இறங்கினார். அவரை நம்பியிருந்த ஸ்டீயரிங் இறங்கியது. டயர்கள் படி வழியாக ஒவ்வொன்றாக, முண்டியடிக்காமல் வந்தன. கூரை குனிந்து இறங்கியது.

துடைப்பக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணக் கூட்டினா ஊரையே கூட்டணும் போலயே," என்று துடைப்பத்தைக் கீழே போட்டார். அப்பாடா என்றிருந்தது.

தர்மசீலன் வெட்டவெளியில் அந்த ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் கோடு ஏழு நிறத்திலும் துடித்தது. பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை.

"நானும் உங்க கூட வரட்டுமா?" என்றார்.

"கோடு நான்தான். நிறம் வேணா நீங்க அடிங்க. எனக்குப் பின்னாடி."

"சரிக்கா."

"அந்த சீட்டையும் தூக்கிக்கங்க."

தலைமேல் தூக்கிக்கொண்டார். நான் அதில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். கண்டக்டர் விசில் அடித்தார்.