கல்யாண வீட்டில் டூனா சாண்ட்விச்

கல்யாணத்தன்று காலையில் லொரேன் பிலார்ஸ்கி ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தால், தெருவைக் காணோம். நேற்று மாலைவரை அங்கே நடைபாதை இருந்தது, தபால்பெட்டி இருந்தது, பக்கத்து வீட்டுக்காரரின் பச்சைக் கார் இருந்தது. இப்போது எங்கு பார்த்தாலும் வெள்ளை. கார் நின்ற இடத்தில் ஒரு மேடு மட்டும் தெரிந்தது. அமெரிக்காவின் ஏரிக்கரை நகரமான ஈரிக்கு நவம்பர் பனி புதிதல்ல. ஏரிப் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஒரே ராத்திரியில் இடுப்பளவு கொட்டிவிட்டுத்தான் ஓயும். ஆனாலும் ஒற்றை மகளின் கல்யாண நாளைப் பார்த்தா கொட்ட வேண்டும்?

"லென்! எழுந்திரு. உன் ஏரி பண்ணியிருக்கிற வேலையைப் பாரு."

போர்வைக்குள்ளிருந்து அவள் புருஷனின் குரல் வந்தது. "என் ஏரியா? நான் எப்ப வாங்கினேன்?"

"நீதானே இந்த ஊர்லதான் இருப்பேன்னு ஒத்தக்கால்ல நின்னே!"

மாதா கோயில் தெருமுனையில்தான் இருந்தது. இரண்டு மணிக்குத் திருமணம், அது முடிந்ததும் வீட்டிலேயே விருந்து. மண்டபம் வேண்டாம், பிறந்து வளர்ந்த வீட்டில்தான் விருந்து என்று மகள் ஜானிஸ் பிடிவாதமாகச் சொல்லியிருந்தாள். அடுத்த ஊர் சமையல்காரர் ஒருவர் சுட்ட கோழியும் உருளைக்கிழங்கும் கொண்டுவருவதாக ஏற்பாடு.

உள்ளதைச் சொன்னால், லொரேனுக்குப் பனியைவிடச் சம்பந்தியம்மாவை நினைத்துத்தான் கவலை. மாப்பிள்ளை ட்வைட்டின் அம்மா எடித் ஹேவர்ஸ்டாக், கிளீவ்லண்டில் வங்கி மேலாளரின் மனைவி. முதல்முறை வந்தபோது காபியில் பாதியைக் குடித்து மீதியை வைத்துவிட்டு, "ரொம்ப அழகான சின்ன வீடு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் 'சின்ன' என்ற சொல்லை லொரேன் ஆறு மாதமாக மென்றுகொண்டிருந்தாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

முதல் காபியை ஊற்றும்போதே தொலைபேசி அடித்தது. சமையல்காரர்தான். வேன் நெடுஞ்சாலையோரம் பள்ளத்தில் இறங்கிவிட்டது, ஓட்டிவந்த பையன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் சாலையை மூடிவிட்டார்கள், இன்றைக்கு வர வழியே இல்லை என்று அந்த மனுஷர் அழாத குறையாகச் சொன்னார்.

"பையன்க நல்லா இருக்காங்கல்ல? அது போதும்," என்று சொல்லி ரிசீவரை வைத்த லொரேன், அப்படியே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

அந்த நேரம் பார்த்தா வாசல் மணி அடிக்க வேண்டும்! லென் போய்க் கதவைத் திறந்தான். சாம்பல் நிறத் தொப்பி, முத்துத் தோடு, கம்பளிக் கோட்டு, அதற்குக் கீழே மகனுடைய முரட்டு ரப்பர் பூட்ஸ் என்ற கோலத்தில், முழங்கால்வரை பனியோடு எடித் ஹேவர்ஸ்டாக் நின்றாள். மணப்பெண்ணுக்குப் போட வேண்டிய முத்துமாலையை நேரில் கொடுக்க வேண்டுமென்று விடுதியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"கார் அசைய மாட்டேங்குது," என்றவள், லொரேனின் சிவந்த கண்களைப் பார்த்ததும் மாலையை மறந்துவிட்டாள். "என்னாச்சு?"

"கோழி பள்ளத்துல விழுந்துடுச்சு," என்றான் லென்.

எடித் தொப்பியைக் கழற்றி ரொட்டிப் பெட்டியின் மேல் வைத்தாள். கையுறையை ஒவ்வொரு விரலாக உருவினாள். "மிஸஸ் பிலார்ஸ்கி, இன்னொரு ஏப்ரன் இருக்குதா? வீட்ல என்னென்ன இருக்கு, சொல்லுங்க."

வீட்டில் இருந்தது இதுதான்: மாதக் கடைசியில் வரும் நன்றித் திருநாள் விருந்துக்காக வாங்கி வைத்திருந்த செலரித் தண்டு, வெங்காயம், முட்டை, மயோனைஸ் ஜாடிகள். பிறகு, நிலவறை நிறைய டின்கள். லென் ஒரு மளிகைக் கிடங்கில் வேலை பார்த்தான். நசுங்கிய டின்களைக் கிடங்குக்காரர்கள் சும்மா கொடுத்துவிடுவார்கள், அவனும் விடாமல் சுமந்துகொண்டு வருவான். டூனா மீன் டின்தான் அதிகம். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. வசந்தகால மழையில் நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து, டின்களின் மேல் ஒட்டியிருந்த காகிதமெல்லாம் ஊறிக் கழன்று மிதந்து போய்விட்டது. அன்று முதல் அந்த வீட்டில் எந்த டின்னைத் திறந்தாலும் அதிர்ஷ்டப் பரிசுதான்.

"தட்டையா, குட்டையா இருக்கிறது டூனா," என்று லென் அடித்துச் சொன்னான். இரண்டு கூடை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டிவிட்டு, ரொட்டி வாங்க மூலைக்கடைக்குப் பனியில் நீந்திப் போனான்.

முதல் டின் டூனா. இரண்டாவதும் டூனா. மூன்றாவதில் அன்னாசித் துண்டு. "தட்டையா, குட்டையா!" என்று லொரேன் முணுமுணுத்தாள். அடுத்ததை எடித் திறந்து, முகர்ந்து, புருவத்தைச் சுருக்கினாள்.

"கொஞ்சம் கறுப்பா இருக்கே. எண்ணெயில போட்ட வகையோ?" என்று முள்கரண்டியில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டாள். மெல்ல மென்றாள். "உப்பு கம்மி. ஆனா..."

எங்கிருந்துதான் வந்ததோ, லொரேனின் பூனை மிஷ்கா ஒரே பாய்ச்சலில் வந்து, எடித்தின் ரப்பர் பூட்ஸ் மேல் இரண்டு காலையும் வைத்து ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. லொரேனுக்குச் சட்டென்று உறைத்தது.

"ஐயையோ! மிஸஸ் ஹேவர்ஸ்டாக், துப்பிடுங்க!"

"ஏன்?"

"அது... அது மிஷ்காவோடது."

எடித் பூனையைப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள். ஆனால் காரியம் கைமீறிவிட்டது, விழுங்கியாகிவிட்டது. லொரேனுக்கு அப்படியே நிலவறைக்குள் இறங்கிக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது. கல்யாணத்தன்று சம்பந்தியம்மாவுக்குப் பூனைச் சோறு!

"எங்க வங்கிக்காரங்க வருஷா வருஷம் போடுற விருந்துக்கு," என்று எடித் நிதானமாகச் சொன்னாள், "இது எவ்வளவோ தேவலை."

சொல்லிவிட்டு அவளே குலுங்க ஆரம்பித்தாள். முத்துத் தோடு ஆட, கண்ணில் நீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லொரேனுக்கு முதலில் பயமாயிருந்தது, பிறகு அவளும் அடக்க முடியாமல் வெடித்தாள். சத்தம் கேட்டு, தலை நிறைய முடி சுருட்டும் உருளைகளோடு ஜானிஸ் மாடியிலிருந்து ஓடிவந்தாள். இரண்டு அம்மாக்களும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரிப்பதைப் பார்த்துவிட்டு, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தாள்.

"உன் மாமியார் பூனைச் சோறு சாப்டுட்டாங்கடி!"

"கோழி எங்கம்மா?"

"வரல. டூனா சாண்ட்விச்தான்."

ஜானிஸ் கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "என் கல்யாணத்துலயா?" என்றாள். பிறகு கிண்ணத்திலிருந்து மீனை விரலால் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "அப்ப முட்டையும் நிறையப் போடு," என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டாள். லொரேனின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் ஒன்று இறங்கியது.

வேலை சூடுபிடித்தது. எடித் மீனைக் கைப்பிடிக்குள் வைத்துச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்தாள். "ஈரம் இருந்தா ரொட்டி சொதசொதன்னு ஆயிடும்." செலரியை அவள் நறுக்கிய வேகத்தைப் பார்த்து லொரேன் அசந்து போனாள். கத்தி பலகையை விட்டு எழும்பவே இல்லை. லென் கொண்டுவந்து குவித்த ரொட்டியை மேசைமேல் துண்டு துண்டாகப் பரப்பினாள், சீட்டுக்கட்டைப் போடுகிற மாதிரி.

"இதையெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"மருந்துக்கடையில."

"மருந்துக்கடையிலயா?"

"கிளீவ்லண்ட்ல ஒரு மருந்துக்கடை. உள்ளேயே மதியச் சாப்பாட்டு மேடை இருந்துச்சு. பத்தொம்பது வயசுலேர்ந்து அங்கதான் வேலைக்கு நின்னேன். என் வீட்டுக்காரர் வென்டல் அப்ப எதிர்த்த வங்கியில சின்ன குமாஸ்தா. தினம் வந்து டூனா சாண்ட்விச் வாங்கித் தின்பார். பாவம், கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது, அவருக்கு மீனே பிடிக்காதாம். என்னைப் பார்க்கிறதுக்காகத் தின்னிருக்கார்."

லொரேன் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "அப்ப அன்னிக்கு என் வீட்டை 'சின்ன வீடு'ன்னு சொன்னது?"

"அழகான சின்ன வீடுன்னுதானே சொன்னேன்? எங்க வீட்ல ஒரு மூலையில கூப்பிட்டா இன்னொரு மூலைக்குக் கேக்காது. உன் சமையலறையைப் பார்த்து எனக்குப் பொறாமையா இருந்துச்சு, லொரேன்."

மிஸஸ் போய், மரியாதை போய், இரண்டுபேரும் நீ, நான் என்று வந்துவிட்டார்கள். வந்த கையோடு சண்டையும் வந்தது. லொரேன் தன் இனிப்பு வெள்ளரி ஊறுகாய் ஜாடியைத் திறந்ததும் எடித் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"அதை மட்டும் போடாதே. மீன்ல இனிப்பா? எலுமிச்சைச் சாறு, மிளகு, அவ்வளவுதான்."

"எங்க வீட்ல ஊறுகாய் இல்லாம டூனாவே கிடையாது. நானே போட்டது."

"நீயே போட்டாலும் இனிப்பு இனிப்புதான்."

"பூனைச் சோறு தின்னவங்க ருசியைப் பத்திப் பேசக் கூடாது!"

"அதுல இனிப்பு இல்லாமத்தான் நல்லா இருந்துச்சு!"

வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த லென் தலையை உள்ளே நீட்டி, "ரெண்டு கிண்ணமா பண்ணித் தொலைங்களேன்," என்றான். அப்படியே ஆயிற்று. நீலக் கிண்ணத்தில் எடித்துடையது, எலுமிச்சையும் மிளகுமாக. மஞ்சள் கிண்ணத்தில் லொரேனுடையது, அவித்த முட்டையும் ஊறுகாயுமாக. குளிர்பெட்டியில் கேக் உட்கார்ந்திருந்ததால், இரண்டையும் மூடிப் பின்வாசல் படியில் பனிக்குள் புதைத்து வைத்தார்கள். மிஷ்காவைக் குளியலறையில் போட்டுப் பூட்டினார்கள்.

கோயிலுக்குப் போனது ஒரு ஊர்வலம்தான். ஜானிஸ் வெள்ளை உடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே அப்பாவின் பூட்ஸோடு நடந்தாள். கழுத்தில் எடித் போட்ட முத்துமாலை. இரண்டு பக்கமும் அண்டை அயலார் பனியைத் தள்ளி வழிவிட்டுக்கொண்டே வந்தார்கள். ட்வைட்டுக்கு மோதிரத்தைப் போடவே முடியவில்லை, விரல் அவ்வளவு விறைத்திருந்தது. பங்குச் சாமியார் ஊதி ஊதிச் சூடுபண்ணிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் எல்லாருக்கும் அகோரப் பசி. தூரத்து விருந்தாளிகள் வராவிட்டாலும் வீடு நிரம்பி வழிந்தது. மாடிப்படியில் உட்கார்ந்தார்கள், ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தார்கள். இரண்டு அம்மாக்களும் மளமளவென்று தடவி, அடுக்கி, குறுக்கே வெட்டித் தட்டுத் தட்டாக அனுப்பினார்கள். எடித் ரொட்டி ஓரங்களை வெட்டியெறிந்தாள், லொரேன் அவற்றைப் பொறுக்கித் தின்றுகொண்டே தன்னுடையதை ஓரத்தோடு அனுப்பினாள். பிலார்ஸ்கி வீட்டு ஆட்களெல்லாம் நன்றி கெட்டதனமாக நீலக் கிண்ணத்துப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

"பாத்தியா?" என்றாள் எடித்.

லொரேன் பதில் தேடுவதற்குள், வென்டல் ஹேவர்ஸ்டாக் கையில் காலித் தட்டோடு சமையலறைக்குள் வந்தார். உயரமான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். நேராக லொரேனிடம் போனார்.

"மிஸஸ் பிலார்ஸ்கி, இன்னும் ரெண்டு கிடைக்குமா? ஊறுகாய் போட்டதுல. இவ்வளவு நல்ல கோழியை நான் சாப்பிட்டதே இல்லை."

எடித் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கோழியா?" என்றாள் எடித்.

"கோழின்னுதானே சொன்னாங்க?"

"வென்டல், அது மீன்!"

அவர் தட்டைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், யோசித்தார். "அப்ப மூணாவே குடுங்க," என்றார்.

லொரேன் வெற்றிக் களிப்பில் ஊறுகாய் ஜாடியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சமையலறையைச் சுற்றி வந்தாள். எடித் துண்டால் அவளை அடிக்கத் துரத்தினாள். லொரேன் சிரித்துக்கொண்டே நாலு சாண்ட்விச்சைத் தட்டில் அடுக்கி வென்டலிடம் நீட்டினாள்.

மாலையில் லென் அக்கார்டியனை எடுத்து வாசிக்க ஆரம்பித்தான். கூடத்துக் கம்பளத்தைச் சுருட்டிவிட்டுப் போல்கா ஆடினார்கள். பங்குச் சாமியார் எடித்தோடு ஆடினார். எடித்துக்கு அடவு தெரியவில்லை, ஆனால் யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை. புது ஜோடி தேனிலவுக்கு நயாகரா போக வேண்டியது, ரயிலும் இல்லை, சாலையும் இல்லை. இருட்டத் தொடங்கும்போது பனி வாரும் வண்டி ஒன்று தெருவுக்குள் வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கிக் கதவைத் தட்டினார், வாசலில் புதைந்திருக்கும் காரை யாராவது நகர்த்துங்கள் என்று சொல்லத்தான். அவரை உள்ளே இழுத்து உட்காரவைத்து, தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்த மனிதர் வாயைத் துடைத்துக்கொண்டு, "நகரத்துக்குத்தான் போறேன். பெரிய ஓட்டல் வாசல்ல விட்டுர்றேன், பொண்ணு மாப்பிள்ளை வர்றாங்களா?" என்று கேட்டார்.

எல்லாரும் வாசலில் கூடி நின்று அரிசியை வீசினார்கள். மஞ்சள் விளக்கு சுழல, இரண்டு பக்கமும் பனியை வாரி இறைத்துக்கொண்டு அந்தப் பெரிய வண்டி நகர்ந்தது. ஜானிஸின் முக்காடு ஜன்னலுக்கு வெளியே பறந்தது.

எடித் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "லொரேன், உன் பொண்ணு என் பையன் பக்கத்துல உக்காராம டிரைவர் பக்கத்துல உக்காந்திருக்கா."

"அங்கதான் ஹீட்டர் இருக்கு," என்றாள் லொரேன்.

இருவருக்கும் கால் உறைந்து போயிருந்தது. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வழுக்காமல் படியேறி உள்ளே போனார்கள்.