பாண்டிசெல்வி விரித்த எச்

அமைச்சரின் ஹெலிகாப்டர் இறங்க மைதானத்தில் சுண்ணாம்பால் போட்டிருந்த ‘எச்’ எழுத்தைத் தூறல் கரைத்துவிட்டது. தாசில்தார் சுயம்புலிங்கத்துக்கு உயிரே கரைந்த மாதிரி ஆகிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அமைச்சருக்கென்று வாங்கி வந்த பால்கோவா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கத்தினார்.

“வெள்ளைத் துணி எங்கயாவது கெடைக்குமாய்யா?”

“ராஜபாளையத்துல பேண்டேஜ் துணிக்கா சார் பஞ்சம்?” என்றார் தலையாரி சங்கையா. “நம்ம பாண்டிசெல்வியே அந்த மில்லுலதான வேலை பாக்கு.”

தாசில்தாரின் முகம் மலர்ந்தது. “அப்ப வீரத்தாய் கையாலயே விரிக்கச் சொல்லு. போட்டோவுக்கும் எடுப்பா இருக்கும்.”

வீரத்தாய் என்பது போன வருஷம் கிடைத்த பட்டம். அதற்கு முன்னால் அவள் சேத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்கு வருகிற பாண்டிசெல்வி. பட்டம் வந்த பிறகும் நின்றுகொண்டேதான் வருகிறாள். வடக்கே காட்டில் மாவோயிஸ்டுகளோடு நடந்த சண்டையில் துணை ராணுவத்தில் இருந்த அவள் மகன் வேல்பாண்டி தொடையில் குண்டு வாங்கி, நாலு மணி நேரம் கிடந்து செத்தான். அவன் நினைவாகச் சேத்தூரில் வளைவு கட்டியிருக்கிறார்கள். அதில் அமைச்சர் படம் ஆறடி. வேல்பாண்டி ஒரு சாண்.

சண்டையில் அவன் கூட இருந்த சிப்பாய் ஆல்வின், சாவுக்குத் துட்டி கேட்க வந்தபோது சொன்னான்: “மரத்த வெட்டி இடம் பண்ணுனோம்மா. கட்டுனது போக மிச்ச பேண்டேஜ் அம்புட்டையும் பிரிச்சு எச் விரிச்சோம். அவந்தான் விரிக்கச் சொன்னான். ‘எங்க அம்மா மில்லுத் துணிலே, பளிச்சுன்னு தெரியும்’னான். ஹெலிகாப்டர் வந்துச்சு. ரெண்டு சுத்து சுத்துச்சு. போயிருச்சு.”

அன்றிலிருந்து பாண்டிசெல்விக்கு ஒரே பிடிமானம்தான். துணி கண்ணில் பட்டிருக்காது. சேறு, ரத்தம், மரநிழல். பட்டிருந்தால் அந்த பைலட் இறங்காமல் போவானா? அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே?

துணியை நீவி நீவி விரித்து, ஓரமெல்லாம் ஆணி அறைந்தாள். தூறலோடு தூறலாக ஹெலிகாப்டர் சொகுசாக இறங்கியது. அமைச்சர் அவளைக் கும்பிட்டு, “உங்க மகனுக்கு வானமே தலைவணங்குதும்மா” என்று மைக்கைப் பார்த்துச் சொன்னார். பதினேழு கார்கள் வளைவைத் திறக்கச் சேத்தூருக்குப் பறந்தன. வீரத்தாயை ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டார்கள்.

மைதானத்தில் அவளும் பைலட்டும்தான் மிச்சம். கோயம்புத்தூர்ப் பையன்.

“தம்பி, மேல இருந்து இந்தத் துணி தெரிஞ்சுதா?”

“நல்லாத் தெரிஞ்சுதுங்கம்மா. ரெண்டு கிலோமீட்டருக்கு முன்னாடியே.”

“காட்டுக்குள்ள கெடந்தா?”

“இன்னும் நல்லாத் தெரியுமுங்க. பச்சையில வெள்ளை எடுத்துக் குடுக்குமல்லங்க.” அவன் சிரித்தான். “உங்க மில்லுத் துணிங்களா? அருமையான துணிங்கம்மா.”

அவள் துணியின் ஓரத்துக்குப் போனாள். பிறகு குத்தவைத்து, ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள்.

“அய்யோ, எடுக்காதீங்கம்மா! அமைச்சர் திரும்பிப் போகோணுமுங்க.”

“போறவியளுக்கு இது வேண்டாம்யா,” என்றாள்.