அத்தான் எனக்குப் போட்ட மெட்டு

என் அக்கா புருஷன் ஒரே தொலைக்காட்சித் தொடருக்குத் தயாரிப்பாளர், இசையமைப்பாளர் இரண்டும். தயாரிப்பாளராக இருக்கும்போது, “ஆறு வயலின் எதுக்கு? ரெண்டு போதும்” என்பார். அடுத்த அறைக்குப் போய் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்ததும், “கஞ்சப்பய, ரெண்டு வயலினை வச்சு என்னத்தை அழ வைக்கிறது?” என்று அதே தயாரிப்பாளரை என்னிடம் திட்டுவார். இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்தான்.

தொடர் பதினோரு வருடமாக ஓடுகிறது. அதில் மூத்த மருமகள் மூன்று வருடமாக நிறைமாதம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மெட்டு உண்டு. கதவு திறந்தால் மெட்டு வந்தாக வேண்டும். அந்தப் பழக்கம் அத்தானின் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நிஜ மனிதர்கள் உள்ளே வந்தாலும் அவரை அறியாமல் முணுமுணுத்துவிடுவார். அக்கா வந்தால் கோர்ட் காட்சி மேளம். எடிட்டர் ‘கத்திரி’ வந்தால் காமெடி மெட்டு. மேலாளருக்கு ஒருநாள் சாகப்போகிறவருக்கான மெட்டு வந்தது. மனிதர் நேராகப் போய் ரத்தம், சர்க்கரை எல்லாம் சோதித்துவிட்டு வந்தார்.

எனக்கு மட்டும் எதுவும் கிடையாது. நான் நுழைந்தால் அத்தான் வாய் மூடிக்கொள்ளும். பதிவேட்டில் எனக்கு ‘ஒலி மேற்பார்வை’ என்று பெயர். நான் மேற்பார்த்தது டீ பிளாஸ்கை. அதனால்தான் எனக்கும் ஒரு மெட்டு கிடைக்காதா என்று ஏங்கினேன். மெட்டு இருந்தால் நானும் ஓர் ஆள் என்று அர்த்தம்.

இந்த நிலையில்தான் சேனலுக்குப் புதிதாக வந்த தலைவியம்மா, ஆட்களைக் குறைக்க நேரில் வருவதாகத் தகவல் வந்தது. குறைத்தால் முதல் ஆள் நான்தான். அக்காவுக்கு வேறு கவலை. ஒரு டப்பா பிஸ்கட்டோடு இசை அறைக்கு வந்து என் கையில் திணித்தாள்.

“அந்தம்மாவைப் பாத்ததும் இவரு வாய் எதையாவது பாடித் தொலைக்கும். தீரத் தீர உள்ள தள்ளிக்கிட்டே இரு.”

தள்ளினேன். தலைவியம்மா உள்ளே வந்தபோது அத்தானின் இரு கன்னமும் உப்பியிருந்தன. ஆனால் மூக்கை யாரும் அடைக்கவில்லை. அது வழியாக, “டண்… டண்… டடாண்!” என்று வில்லி மாமியாரின் மெட்டு கணீரென்று வந்தது. பிஸ்கட் தூள் தலைவியம்மாவின் கோப்பின் மேல் பறந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இது அந்த மாமியார் மெட்டுதானே?” என்றார் தலைவியம்மா.

அத்தான் தலையை ஆட்டினார்.

“நான் வீட்டுக்குள்ள கால் வச்சாலே என் பசங்க ரெண்டும் இதைத்தான் பாடுதுங்க. அதைப் போட்ட புண்ணியவான் நீங்கதானா!” அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பட்டியலைத் திறந்தார். “சரி, ஒவ்வொருத்தருக்கும் என்ன மெட்டுன்னு பாடுங்க. மெட்டு இல்லாதவங்க எதுக்கு இங்க?”

கத்திரி தப்பித்தான். மேலாளர்கூட மெட்டு இருந்ததால் பிழைத்தார். கடைசியில் தலைவியம்மாவின் விரல் என் பெயரில் நின்றது.

“ஒலி மேற்பார்வை. உங்க மச்சானா? இவருக்கு?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேளதாளமெல்லாம் வேண்டாம், புல்லாங்குழலில் ரெண்டே ரெண்டு சுரம் போதும் என்று வேண்டிக்கொண்டேன். அத்தான் என்னைப் பார்த்தார். பிஸ்கட்டை விழுங்கினார்.

“டிங் டிங் டிடிங்.”

விளம்பர இடைவேளை மெட்டு. அறையே கொல்லென்று சிரித்தது. அக்காவும் சிரித்தாள், அதுதான் எரிந்தது. நான் தரையில் கிடந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தலைவியம்மா மட்டும் சிரிக்கவில்லை. “என்ன சிரிப்பு? உங்க கதையிலயா சேனல் ஓடுது? விளம்பரத்துலதான் ஓடுது. இவரு கட்டாயம் இருக்கணும்” என்று என் பெயருக்கு நேரே பெரிய டிக் போட்டார்.

வேலை பிழைத்தது, மானம் போனது. அவர் கார் கிளம்பியதும் வாசல் படியில் போய் உட்கார்ந்தேன். அத்தான் பிஸ்கட் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கோவமாடா?”

“இத்தனை வருஷம் ஒண்ணுமே பாடல. பாடினதும் பாடினீங்க, விளம்பரமா அத்தான்?”

“டேய், தொடர் ஓடுற நேரம் பூரா யாரையாவது அழ வச்சுக்கிட்டே இருக்கணும். விளம்பரம் வந்தாத்தான் நான் காலை நீட்டி மூச்சு விடுவேன். நீ உள்ள வந்தாலும் அப்படித்தான்டா. வாய் தானா ஓஞ்சுடும்.”

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன். அத்தான் காலை நீட்டினார். நானும் நீட்டினேன்.

பின்னால் கதவு திறந்தது. அக்கா. அத்தானின் வாய் கோர்ட் மேளத்தை ஆரம்பித்தது.