வாயாடியின் முன்பல்

1

அந்த அறையில் இருந்தவர்கள்: பல் டாக்டர். நிதானம் என்று பட்டப்பெயர் வாங்கிய பெண். வாயாடி என்று பட்டப்பெயர் வாங்கிய இன்னொருத்தி, முதலாமவளைவிட ஒரு வயது இளையவள். மேசைமேல், பிளாஸ்டரில் வார்த்த ஒரு மேல்தாடை.

நான் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த டாக்டர்தான் இந்தக் கதையை என்னிடம் சொன்னார், என் கடைவாய்ப்பல்லைக் குடைந்துகொண்டே. வாய் நிறையப் பஞ்சு. குறுக்கே ஒரு கேள்வி கேட்க வழியில்லை. பாதியில் "கொப்பளிங்க" என்றார். கொப்பளித்து நிமிர்வதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். மறுபடி போய் மிச்சத்தைக் கேட்டிருக்கலாம். வலி நின்றுவிட்டது, போகவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

வசதியற்ற அந்தப் பிள்ளைகளின் கண்முன்னே அன்று ஒரு புதிய உலகம் திறந்

இது ஆண்டறிக்கை வாக்கியம். பாதியிலேயே விட்டுவிட்டேன். (கண்முன்னே உலகம் திறந்து நின்ற பிள்ளை எதையும் நான் பார்த்ததில்லை. புது இடத்துக்குப் போனால் முதலில் கழிவறை எங்கே என்றுதான் பார்ப்பார்கள்.)

விஷயம் இதுதான். ஒரு பல் மருத்துவமனை ஆண்டுக்கு ஒரு முறை ஆதரவில்லாத பிள்ளைகளின் இல்லத்திலிருந்து சிலரைக் கூப்பிட்டு ஒரு வாரம் உள்ளே விடும். பல் மருத்துவத்தில் என்னென்ன வேலை இருக்கிறது, தங்களுக்கு அது ஒத்துவருமா என்று அவர்களே தொட்டுப் பார்ப்பார்கள். கடைசி நாள் இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் வாயில் மற்றவர் அச்சு எடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி மாடல் செய்ய வேண்டும். மாடல்களை வெளிக்கூடத்தில் விருந்தினர் பார்வைக்கு வைப்பார்கள். நன்றாகச் செய்த ஒருவருக்கு உதவியாளர் பயிற்சி கிடைக்கும். தங்க இடமும் உண்டு. அன்று மாலையே தங்கிக்கொள்ளலாம், துணிமணி பிறகு வந்து சேரும்.

நிதானத்துக்கு அந்தத் தங்க இடம்தான் முக்கியம். அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. அதற்குமேல் இல்லத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இது கிடைக்காவிட்டால் சித்தி வீடு. சித்தி வீட்டில் படுக்க இடம் உண்டு, படிப்பு கிடையாது. சித்தப்பாவின் சலவைக் கடையில் இஸ்திரி போட ஆள் வேண்டியிருந்தது. பார்க்க வரும்போதெல்லாம் சித்தி அவள் முகத்தைவிட்டு அவள் கைகளையே பார்ப்பாள்.

3

வாயாடியின் மேல் முன்பல் ஒன்றில் ஓரம் உடைந்திருந்தது. முதல் வரைவில் "சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வாள்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மறைக்கிறவளுக்கு யாரும் வாயாடி என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

நிதானம் ரப்பர்க் கிண்ணத்தில் அச்சுப் பசையைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, சுவத்துக்குப் பூசப் போறியா? இந்தக் கலக்குக் கலக்குற."

"பேசாம வாயைத் திறடி."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. பேசாம இருக்கணுமா, வாயைத் திறக்கணுமா?"

"இந்தப் பல்லு எப்படி உடைஞ்சுது?"

"குழாய்ல வாய் வச்சுத் தண்ணி குடிச்சேன். பின்னாடி நின்னவளுக்கு அவசரம். ஒரு இடி. பல்லு போச்சு, தண்ணி மட்டும் நிக்காம வந்துட்டே இருந்துச்சு."

"வலிச்சுதா?"

"இடிச்சவளைக் கேளு. கொஞ்ச நேரம் கழிச்சு அவளுக்குத்தான் ரொம்ப வலிச்சுது."

பசைத் தட்டு உள்ளே போனது. பசை இறுகும்வரை வாயாடி பேசவில்லை. இதை இல்லத்தில் போய்ச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

(இடையில் ஒரு குறிப்பு. அச்சில் பிளாஸ்டரைத் தட்டித் தட்டி ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் காற்று மாட்டிக்கொண்டு, பல் முனை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழும். குமிழ் என்பார்கள். புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் செய்கிற பிழை. சின்னக் குமிழாக இருந்தால் ஈரப் பிளாஸ்டரைத் தொட்டு அடைத்துவிடலாம் என்று காலையில் டாக்டரே சொல்லிக்கொடுத்திருந்தார்.)

நிதானம் அவசரப்படாமல் ஊற்றினாள். இறுகியதும் அச்சைப் பிரித்தாள். ஒரு குமிழ்கூட இல்லை. ஈறு, கோரைப்பல், முன்பல், அதன் உடைந்த ஓரம், எல்லாம் வாயில் இருந்தபடியே வந்திருந்தன. நெடுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தூரிகையில் பிளாஸ்டரைத் தொட்டு, உடைந்த ஓரத்தை அடைத்து, மழமழவென்று தேய்த்து முழுப் பல்லாக்கினாள்.

4

மற்றவர்கள் கூடத்துக்குப் போனதும் டாக்டர் மாடலைக் கையில் எடுத்தார். வாயாடியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இது யார் வாய்?"

"என்னுதுதான் மேடம்." பிறகுதான் சரியாகப் பார்த்தாள். "இல்லை. இது என்னைப் பொண்ணு கேட்டு வர்றவங்களுக்குக் காட்டுற வாய்."

டாக்டர் சிரிக்கவில்லை. நிதானத்தின் பக்கம் திரும்பினார்.

"குமிழ்னு நினைச்சு அடைச்சிட்டியா?"

இங்கே வந்து மாட்டிக்கொண்டேன். டாக்டரே தப்பிக்க வழி காட்டுகிறார். "ஆமா மேடம்" என்றால் போதும், கற்றுக்குட்டிப் பிழை, மன்னித்துவிடுவார். அப்படித்தான் முதலில் எழுதினேன். நான்கே வரியில் கதை முடிந்தது, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் பல் உடைந்த கதையைச் சொன்னவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவளை வைத்துக்கொண்டு எப்படி "ஆமா" சொல்வது?

அடுத்து, தோழிமேல் இரக்கப்பட்டுச் செய்தாள் என்று எழுதினேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவள் பல் உடைசலாகத் தெரிய வேண்டாம் என்று. ஒரு பக்கம் வளர்ந்தது. கண்ணீர்கூட வந்துவிடும்போல இருந்த கட்டத்தில் வாயாடி குறுக்கிட்டாள்:

"என் பல்லைக் கட்டிக் குடுன்னு உன்கிட்ட யாருக்கா கேட்டா?"

அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவள் கேட்ட கேள்வி மட்டும் நிற்கிறது.

5

நிதானம் சொன்ன பதில் இது:

"குமிழ் இல்லை மேடம். உடைஞ்ச பல்லுன்னு தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அப்படியே வச்சா, பாக்குறவங்க குமிழ்னு நினைச்சிடுவாங்க. எனக்கு ஊத்தத் தெரியலைன்னு பேசுவாங்க."

சரியாகச் செய்த வேலை, தப்பாகச் செய்தது போலத் தெரிந்தது. நன்றாகத் தெரிய வேண்டும் என்று அதைக் கெடுத்தாள். இரக்கம் என்று சொல்லியிருந்தால் கேட்க நன்றாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. (டாக்டர் சொல்லாமல் விட்ட இடங்களை நானும் இப்படித்தான் பூசி மெழுகிக்கொண்டிருக்கிறேன். அவளுக்குத் தீர்ப்புச் சொல்ல வேறு ஆளைப் பாருங்கள்.)

"இந்த மாடலை வச்சுத்தான் நாளைக்கு நான் அவ பல்லைச் சரி பண்ணணும்னு வை," என்றார் டாக்டர். "எதைச் சரி பண்றது? இதுல உடைசலே இல்லையே."

நிதானம் மாடலைக் கையில் வாங்கினாள்.

"சரி. பூசினதைச் சுரண்டு. எப்படி இருந்துச்சோ அப்படியே கொண்டு வா. பாத்துட்டு முடிவு சொல்றேன். அவ பக்கத்துல நிக்கட்டும், வாயைப் பாத்துப் பாத்துச் செய்."

"நான் வாயைத் திறக்க மாட்டேன் மேடம்," என்றாள் வாயாடி.

"ஏம்மா?"

"ஒரு தடவை திறந்து காட்டியாச்சு. கதையும் சொல்லியாச்சு. ஒழுங்காப் பாத்திருந்தா ஞாபகம் இருக்கும். பாக்காமலே செய்யட்டும்."

இதை வன்மம் என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தியது. உதவி என்று எழுதினேன், அதுவும் பொருந்தியது. பார்க்காமலே அந்த ஓரத்தை அப்படியே கொண்டுவந்தால் டாக்டருக்கு அதற்குமேல் வேறு சாட்சி வேண்டியதில்லை. கத்தி ஒரு மயிரிழை கூடுதலாக இறங்கினால் நல்ல பிளாஸ்டரும் போய்விடும். வாயாடி எதை நினைத்துச் சொன்னாள்? எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்கிற அவள் இதை மட்டும் சொல்லவில்லை.

6

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

அ. ஓரம் அச்சு அசலாக வந்தது. டாக்டர் ஒன்றும் பேசாமல் தங்கும் அறையின் சாவியை (படித்தால் நன்கொடை கேட்பது போல இருக்கிறது.)

ஆ. பாதிப் பல் உதிர்ந்தது. அடுத்த மாதம் சலவைக் கடையில் ஆவி பறக்க (இது பிள்ளைகளை மிரட்டச் சொல்லும் கதை.)

இரண்டும் வேண்டாம். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான், மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிதானம் செதுக்குக் கத்தியை எடுத்தாள். பிளாஸ்டர் இன்னும் முழுக்கக் காயவில்லை. நாக்கு நுனியால் தன் முன்பல்லின் ஓரத்தை ஒரு முறை தடவிப் பார்த்தாள். கத்தி முனையை மாடலின் பல்லருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நான் கெளம்புறேன்க்கா. திரும்பிப் போற வேன்ல எடம் பிடிக்கணும்."

"ம்."

"உனக்கும் சேத்துப் பிடிக்கவா?"

நிதானம் நிமிரவில்லை. வாயாடி வெளியே போனாள். கூடத்திலிருந்து விருந்தினர் பேச்சு உள்ளே வந்தது. யாரும் வந்து எட்டிப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் எழுந்து போய், அவள் போன கதவைச் சாத்தி, உள்ளிருந்தே சாவியைத் திருப்பிப் பூட்டினார்.